எங்கே வைப்பது என்பது கேள்வியே அல்ல

2025 செப்டம்பர் 23, விடியற்காலை நான்கு மணி. சென்னையில் மகள் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன். பேத்திக்கு முதல் கொலு. அதற்காக, முப்பத்தைந்து வருடங்களில் முதல் தடவையாக நவராத்திரிக்குக் கல்கத்தாவை விட்டுக் கிளம்பியிருந்தேன். (2001லேயே ஊர் கொல்கத்தா ஆகிவிட்டது. என் நாக்குக்குத்தான் இன்னும் தகவல் போகவில்லை.) தலைமாட்டில் செல்போன் அடித்தது. என் கணவர்.

"வீட்டுக்குள்ள தண்ணி வந்துடுச்சு. கணுக்காலுக்கு மேல நிக்குது. எதை முதல்ல எடுக்கட்டும்?"

எங்கள் வீடு காளிகாட்டில், கோயிலுக்கும் ராஷ்பிகாரி அவென்யூவுக்கும் நடுவே ஒரு சந்தில், தரைத் தளத்தில் இருக்கிறது. பக்கத்தில் ஓடும் ஆதிகங்கையில் நீர் ஏறியிருக்கும் நேரத்தில் மழையும் பிடித்துக்கொண்டால் எங்கள் சந்தில் தண்ணீர் வடியாது. இது பழகிப்போன விஷயம். ஆனால் அன்று ராத்திரி பெய்தது பழகிய மழை அல்ல. நள்ளிரவிலிருந்து விடிவதற்குள் காளிகாட் பகுதியில் மட்டும் சுமார் 280 மில்லிமீட்டர் கொட்டியது.

"மெயின் சுவிட்சை அணைச்சீங்களா?" என்று கேட்டேன். அணைத்திருந்தார். அந்த ராத்திரி நான் கேட்ட ஒரே உருப்படியான கேள்வி அதுதான் என்று பிற்பாடு புரிந்தது. அன்றைய மழையில் நகரத்திலும் சுற்றுப்புறத்திலுமாகப் பத்துப் பேருக்குக் குறையாமல் உயிரிழந்தார்கள். பெரும்பாலோர் மின்சாரம் தாக்கி. அதற்கு முன்னால் எங்கள் வீட்டு நஷ்டம் ஒரு பொருட்டே அல்ல. இருந்தாலும் அதைச் சொல்லத்தான் வேண்டும். ஏனென்றால் அது மழையால் வந்த நஷ்டம் அல்ல.

"பீரோவில கீழ்த் தட்டுல பச்சை ஃபைல் இருக்கும், அதை எடுங்க."

"எந்த பீரோ? பச்சையில மூணு ஃபைல் இருக்கே?"

"சின்ன பீரோ. இல்லை, இருங்க, போன பொங்கலுக்கு மாத்தினேன்..."

மாற்றினேன். எங்கே என்று எனக்கே உடனே ஞாபகம் வரவில்லை. நான் யோசித்து முடிப்பதற்குள் அவருடைய போனில் சார்ஜ் தீர்ந்து இணைப்பு அறுந்தது.

பாவம், அவர் தன் புத்தியை உபயோகித்தார். 'முக்கியம்' என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டிய ஓர் அட்டைப்பெட்டி கண்ணில் பட்டிருக்கிறது. எழுபது வயதில் அதைத் தூக்கி, ஸ்டூல் போட்டு ஏறி, பரண்மேல் பத்திரமாக வைத்துவிட்டார். நான்கு நாள் கழித்து ஊர் திரும்பிப் பிரித்துப் பார்த்தேன். 1998 முதல் 2006 வரைக்குமான மின்சார பில்கள். யார் யாருடையதோ கல்யாணப் பத்திரிகைகள். ஒரு மிக்ஸியின் உத்தரவாத அட்டை. அந்த மிக்ஸி போய்ச் சேர்ந்தே பன்னிரண்டு வருடமாகிறது. எல்லாம் ஒரு சொட்டு ஈரமில்லாமல், மொறுமொறுவென்று இருந்தன.

கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப்பெட்டிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. அதில்தான் என் அப்பா கும்பகோணத்திலிருந்து எனக்கு எழுதிய இன்லண்டு கடிதங்கள் இருந்தன. கல்யாணமாகிக் கல்கத்தா வந்த நாளிலிருந்து அவர் கண்மூடும் வரைக்கும் மாதம் ஒன்று. அப்பா நீல மைதான் போடுவார். எல்லா மாதமும் கரைந்து ஒரே நீலமாகிக் கிடந்தன.

பச்சை ஃபைலும் நனைந்துதான் போயிற்று. அதற்கு ஒன்றும் குடி முழுகிவிடவில்லை. வங்கிக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தோம். வைப்புத்தொகை ரசீதுக்கு நகல் கொடுத்துவிட்டார்கள். அப்பாவின் கடிதத்துக்கு எந்த வங்கியில் மனு கொடுப்பது?

என் வீட்டைப் பார்த்தவர்கள் யாரும் அலங்கோலம் என்று சொன்னதில்லை. "கண்ணாடி மாதிரி வச்சிருக்கீங்களே" என்பார்கள். லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் எனக்கு அப்படி ஒரு பெயர். அப்படியானால் தவறு எங்கே? ஈரத் துணிகளை வெயிலில் உலர்த்திக்கொண்டு யோசித்தபோது தெரிந்தது. முப்பத்தைந்து வருடமாக ஒவ்வொரு சாமானையும் கையில் எடுத்து நான் கேட்டது ஒரே கேள்விதான்: "இதை எங்கே வைப்பது?"

இந்தக் கேள்வியில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. இதற்கு எப்போதும் பதில் கிடைத்துவிடும். எங்கே காலி இடம் இருக்கிறதோ அங்கே. இடம் இல்லாவிட்டால் ஒரு பெட்டி வாங்கு. பெட்டிக்கு இடம் இல்லாவிட்டால் கட்டிலுக்கு அடியில் தள்ளு. கட்டிலே உயரமாக இருந்தால் நல்லது. கல்கத்தாவின் பழைய வீடுகளில் கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தியிருப்பார்கள். பாதி குடித்தனம் அதன் கீழே நடக்கும். நானும் அந்தக் கலையில் தேறிவிட்டேன். வைப்பதில்தான் தேர்ந்தேனே தவிர, எடுப்பதைப் பற்றி யோசிக்கவில்லை.

கேட்டிருக்க வேண்டியது, "இது வேண்டுமென்றால் முதலில் எங்கே தேடுவேன்?" என்பதை. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஒன்றல்ல. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை எங்கே வைப்பது என்று கேட்டால், மருந்து டப்பாவில் என்று தோன்றும். எங்கே தேடுவேன் என்று கேட்டால், ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தை அனத்தும்போது என் கை தானாகப் போகும் இடம் கட்டில் பக்கத்து மேஜை இழுப்பறை. அப்படியானால் அதற்கு வீடு அதுதான். முதல் தடவை ஒரு சாமானைத் தேடி, அது வேறு இடத்தில் அகப்பட்டால், அகப்பட்ட இடத்தில் திருப்பி வைக்கக் கூடாது. தேடிய இடத்தில் வைக்க வேண்டும். இந்த ஒரு பழக்கத்துக்கே எங்கள் வீட்டில் பாதித் தேடல் குறைந்துவிட்டது.

கேள்வியை மாற்றினால் வீடு மாறும் என்பதை உலகத்துக்கு விற்றே பெயர் வாங்கியவர் ஜப்பானின் மரியே கொண்டோ. ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, இது எனக்குச் சந்தோஷம் தருகிறதா என்று கேட்கச் சொல்கிறார். 2011ல் வந்த அவர் புத்தகம் பல மொழிகளில் போயிருக்கிறது. குறை சொல்ல நான் யார்? ஆனால் ரேஷன் கார்டைக் கையில் எடுத்து, சந்தோஷம் தருகிறாயா என்று கேட்டால் அது என்ன பதில் சொல்லும்? பிரஷர் குக்கரும் அப்படியே. நம் வீட்டுச் சாமான்களில் முக்கால்வாசி, சந்தோஷத்துக்காக அல்ல, சமாளிப்பதற்காக இருப்பவை. அவற்றுக்கு வேறு கேள்வி வேண்டும்.

காளிகாட்டில் குடியிருப்பவருக்கு அப்படிப்பட்ட கேள்வியைத் தேடி ஜப்பான் போக வேண்டியதில்லை. வங்காளிகளின் வருடப் பிறப்பு பொய்லா பொய்ஷாக், நம் சித்திரை முதல் நாளை ஒட்டி வரும். அன்று கருக்கலிலேயே காளி கோயில் வாசலில் வரிசை நிற்கும். கையில் லட்சுமி, கணேசர் பொம்மை, பூ, அதோடு சிவப்புத் துணி அட்டை போட்ட புதுக் கணக்கு நோட்டு. நகைக் கடைக்காரர், மளிகைக் கடைக்காரர், ஜவுளிக் கடைக்காரர் எல்லாரும் அதை அம்மன் காலடியில் வைத்து வாங்கிப் போவார்கள். முதல் பக்கத்தில் குங்குமத்தால் ஸ்வஸ்திகம். ஹால்காத்தா என்று பெயர். சாயங்காலம் வாடிக்கையாளர்களைக் கடைக்குக் கூப்பிட்டு இனிப்புப் பொட்டலமும் காலண்டரும் கொடுப்பார்கள். வருகிறவர் பழைய பாக்கியைத் தீர்ப்பது மரியாதை.

பல வருடம் இதை வேடிக்கை பார்த்திருக்கிறேன். மழைக்குப் பிறகுதான் அதன் சூட்சுமம் உறைத்தது. வியாபாரி புது நோட்டுப் போடும் முன் தன்னைக் கேட்டுக்கொள்வது, சரக்கை எங்கே அடுக்குவது என்பதை அல்ல. எனக்கு யார் தர வேண்டும், நான் யாருக்குத் தர வேண்டும், எந்தச் சரக்கு நகரவில்லை? நகராததை அவர் கோயிலுக்கு வரும் முன்பே சைத்ர மாதத் தள்ளுபடியில் தள்ளிவிட்டிருப்பார். கரியாஹாட் நடைபாதையில் அந்த மாதம் நடக்க இடம் இருக்காது. சரக்குக்கு வயதாகும் என்பது வியாபாரிக்குத் தெரியும். வீட்டுக்காரிக்குத் தெரிவதில்லை. நாமும் போகியன்று பழையதைக் கழிக்கிறோம் என்பீர்கள். வாஸ்தவம். கிழிந்த பாயும் ஓட்டை முறமும் வாசலுக்குப் போகின்றன. 'முக்கியம்' என்று எழுதிய பெட்டியை எந்தப் போகிக்காவது பிரித்துப் பார்த்திருக்கிறோமா?

ஆகவே வியாபாரியின் கேள்வியை வீட்டுக்குள் கொண்டுவந்தேன். முதலாவது: இது யாருடையது? எங்கள் வீட்டில் இரண்டு பரண். அதில் ஒன்று முழுக்கப் புனேயில் இருக்கும் மகனுடையது. இன்ஜினியரிங் புத்தகங்கள், கிரிக்கெட் மட்டை, உடைந்த ஒரு கீபோர்டு. வருடா வருடம் போனில், "இதெல்லாம் வேணுமாடா?" என்று கேட்பேன். "இருக்கட்டும்மா" என்பான். அவன் வீட்டில் இடத்தை அடைக்காதவரை எதுவும் இருக்கலாம் என்பதுதான் அந்த 'இருக்கட்டும்'. இந்தத் தடவை கேள்வியை மாற்றினேன். "எப்போடா வந்து எடுத்துட்டுப் போறே?" சிறிது நேரம் மௌனம். பிறகு, "மட்டையை மட்டும் வச்சிரு, மத்ததைக் குடுத்துடும்மா" என்றான். பதினேழு வருடப் பிரச்சினை ஒரு நிமிஷத்தில் தீர்ந்தது.

இரண்டாவது: இது இல்லாவிட்டால் என்ன செய்வேன்? இருபது பேருக்குச் சமைக்கும் அண்டா ஒன்று வைத்திருந்தேன். கடைசியாக அதில் சமைத்தது மகள் கல்யாணப் பேச்சு வந்தபோது. மறுபடி தேவைப்பட்டால்? வாடகைக்குக் கிடைக்கும். மூன்று வீடு தள்ளி இருக்கும் தமிழ்க் குடும்பத்திலும் ஒன்று சும்மா இருக்கிறது. முறுக்கு அச்சு விஷயம் வேறு. தீபாவளிக்கு முதல் வாரம் அதை யாரும் இரவல் தர மாட்டார்கள், எல்லாருக்கும் அதே வாரம்தான் வேண்டும். அண்டா போயிற்று, அச்சு இருக்கிறது. 'எப்போதாவது உபயோகப்படும்' என்பது எல்லாச் சாமானுக்கும் பொருந்தும் பதில். எதற்கும் பொருந்தும் பதில், பதிலே அல்ல.

தூக்கிப் போடத்தான் வேண்டும் என்பதில்லை. பழைய புடவைக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கும் பெண்கள் எங்கள் தெருவில் இன்னும் வருகிறார்கள். நைந்த பருத்திப் புடவைகளை அடுக்கித் தைத்துக் காந்தா போர்வையாக்கும் வழக்கம் வங்காளத்துக் கிராமத்துப் பெண்களிடமிருந்து வந்தது. ஒரு புடவை தொட்டில் துணியாகி, கரித்துணியாகி முடிவது நம் வீட்டிலும் உண்டு. இந்தச் சங்கிலி அறுந்த இடத்தில்தான் குப்பை சேர்கிறது.

மூன்றாவது கேள்வி கொஞ்சம் சங்கடமானது. சாப்பாட்டு மேஜை மேல் எங்கள் வீட்டில் ஒரு குவியல் உண்டு. சாவி, மூக்குக் கண்ணாடி, மெட்ரோ கார்டு, மருந்துச் சீட்டு, குடை. தினமும் அதைப் பார்த்து நான் கேட்பது: "யார் இதை இங்கே போட்டது?" வீட்டில் இருப்பது இரண்டு பேர். நான் போடவில்லை. ஆகவே அது கேள்வியல்ல, குற்றச்சாட்டு. குற்றச்சாட்டுக்கு வரும் பதிலும் எதிர்க் குற்றச்சாட்டாகத்தான் இருக்கும். ஒரு நாள் வாயைக் கட்டிக்கொண்டு, "இது ஏன் இங்கேயே வந்து சேருது?" என்று கேட்டேன். அவர் யோசித்தார். "உள்ளே வந்ததும் கை காலியாகணும். வாசல்கிட்ட வைக்க ஒண்ணுமே இல்லையே" என்றார். நியாயம்தானே? வாசற்கதவுக்குப் பின்னால் நாலு கொக்கியும் ஒரு சின்னப் பலகையும் அடித்தோம். செலவு இருநூறு ரூபாய்க்குள். குவியல் போய்விட்டது. சண்டையும் போய்விட்டது என்று எழுத ஆசைதான். வேறு விஷயங்கள் இருக்கின்றன.

எல்லாவற்றையும் குறைத்துக்கொள் என்று சொல்ல வருகிறேனா? இல்லை. காளி கோயிலை ஒட்டியே அப்படி ஒரு வாழ்க்கை நடக்கிறது. யாத்ரீகர்களுக்காகக் கட்டிய பழைய சத்திரத்தை 1952ல் மாநகராட்சியிடமிருந்து வாங்கி, சாகும் தருவாயில் தெருவில் கிடந்தவர்களுக்காக அன்னை தெரசா 'நிர்மல் ஹ்ருதய்' ஆரம்பித்தார். அவருடைய சபைக் கன்னியர்களுக்குச் சொந்தமென்று இருப்பது மூன்று புடவை, ஒரு வாளி, இன்னும் விரல் விட்டு எண்ணக்கூடிய சில சாமான்கள். நீலக் கரை போட்ட வெள்ளைப் புடவையில் அவர்கள் அந்தக் கூட்டத்தில் நடந்து போவதைப் பார்க்கும்போது, என் பீரோவை நினைத்து ஒரு நிமிஷம் கூச்சமாக இருக்கும். ஆனால் அது துறவு. அவர்கள் ஒரே ஒரு பெரிய கேள்விக்கு விடை சொல்லிவிட்டுத்தான் அந்தக் கதவுக்குள் போயிருக்கிறார்கள். பேத்திக்குக் கொலு பொம்மையும் மாப்பிள்ளைக்குத் தனித் தட்டும் வைத்திருக்க வேண்டிய குடும்பஸ்திக்கு, தினசரி சின்னச் சின்னக் கேள்விகள்தான் விதி.

குறைப்பதில் ஆபத்தும் இருக்கிறது. அதற்கும் இதே காளிகாட்தான் சாட்சி. 19ஆம் நூற்றாண்டில் இந்தக் கோயிலைச் சுற்றி பட்டுவாக்கள் என்னும் ஓவியர்கள் கடை போட்டிருந்தார்கள். மில் காகிதத்தில் நாலு வளைவான கோடு, பளிச்சென்று வண்ணம். காளி, கணேசர், வாயில் மீனைக் கவ்விய பூனை, மனைவி துடைப்பத்தால் அடிக்கும் பாபு. யாத்ரீகர்கள் சில காசுக்கு வாங்கிப்போய்ச் சுவரில் ஒட்டுவார்கள். நம்மூர் சாமி காலண்டர் மாதிரி. கிழிந்தால் எறிந்துவிட்டு அடுத்த தடவை வேறு. இன்று அந்தக் காளிகாட் பட்டங்களைப் பெருந்தொகுப்பாகப் பார்க்க லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். லாக்வுட் கிப்ளிங் சேர்த்து வைத்திருந்த 233 படங்களை, அவர் மகன் ருட்யார்ட் கிப்ளிங் 1917ல் அங்கே கொடுத்தார்.

இதைக் கேட்டதும், "பார்த்தாயா, அதனால்தான் எதையும் எறியக்கூடாது" என்று என் கணவர் உற்சாகமானார். நான் வேறு மாதிரிப் பார்க்கிறேன். ஆயிரம் வீடுகளில் சுவரில் ஒட்டியிருந்த படங்கள் என்ன ஆயின? புகையிலும் ஈரத்திலும் செல்லரித்துப் போயின. அவையும் எறியப்படாமல் இருந்தவைதான். பிழைத்தவை, இது இன்னது என்று அறிந்து ஒருவர் ஒன்றாகச் சேர்த்து, இன்னொருவர் கையில் ஒப்படைத்த படங்கள். வைத்திருப்பது வேறு, காப்பாற்றுவது வேறு. கட்டிலுக்கு அடியில் அப்பாவின் கடிதங்களை நான் வைத்திருந்தேன். காப்பாற்றவில்லை.

இங்கேதான், அந்த ராத்திரி என் கணவர் கேட்ட "எதை முதல்ல எடுக்கட்டும்?" என்பதற்குப் பதில் இருக்கிறது. ஒவ்வொரு காகிதத்தையும் எடுத்து, "இது போனால் திரும்பக் கிடைக்குமா?" என்று கேட்க வேண்டும். ஆதார், பான், வண்டி உரிமம், மதிப்பெண் பட்டியல், காப்பீட்டுப் பத்திரம், வங்கி ரசீது எதுவாக இருந்தாலும் நகல் வாங்கிவிடலாம். அலைச்சல் உண்டு, அவ்வளவே. 2015ல் வந்த டிஜிலாக்கரில் இவற்றில் பல, செல்போனிலேயே இருக்கின்றன. ஆனால் நாம் பூட்டி வைப்பதெல்லாம் இவற்றைத்தான். திரும்பக் கிடைக்காதவை எவை? கடிதம், கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ, மாமியார் கையால் எழுதிய ஊறுகாய்க் கணக்கு, தாத்தாவின் ஜாதக நோட்டு. இவற்றுக்கு அரசாங்க முத்திரை இல்லாததால், பழைய செய்தித்தாளோடு கிடக்கின்றன. இவை மேல் தட்டுக்கு ஏற வேண்டும். செல்போனில் ஒரு படமாவது எடுத்துப் பிள்ளைகளுக்கு அனுப்பிவிட வேண்டும். பழைய போட்டோவின் பின்பக்கம் பென்சிலால் பெயர் எழுத வேண்டும். இடமிருந்து மூன்றாவது யார் என்று சொல்ல, வீட்டில் இன்னும் எத்தனை பேர் மிச்சம்?

கடைசிக் கேள்வி எல்லாவற்றிலும் முக்கியமானது. நான் இல்லாவிட்டால் இது யாருக்குத் தெரியும்?

"அம்மாவைக் கேள், அம்மாவுக்குத்தான் தெரியும்." இதை ஒரு பாராட்டாக நினைத்துப் பூரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். வெல்லம் எங்கே, குடை எங்கே, அப்பாவின் ரத்தக் கொதிப்பு மாத்திரை எங்கே? என் தலைதான் வீட்டின் அட்டவணை. சென்னையில் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டிருக்கும்போதும் தினம் நாலு தடவை போன் வரும். ஒருத்தியின் தலைக்குள் மட்டும் ஒழுங்காக இருக்கும் வீடு, ஒழுங்கான வீடு அல்ல. அவள் காய்ச்சலில் படுத்தால் வீடும் படுத்துவிடும். பெரும்பாலான வீடுகளில் பணக் காகிதங்களின் விஷயம் நேர்மாறு. அது புருஷன் தலைக்குள் இருக்கும். அவர் போன பிறகு, எந்த வங்கியில் எவ்வளவு என்று தெரியாமல் பெண்டாட்டி பீரோ முன் நிற்பாள்.

இது கற்பனை பயம் அல்ல. பத்து வருடம் யாரும் தொடாத வங்கிக் கணக்குப் பணம், 2014ல் ரிசர்வ் வங்கி ஏற்படுத்திய ஒரு நிதிக்குப் போய்விடும். 2023 பிப்ரவரி வரையில் பொதுத்துறை வங்கிகள் மட்டும் அப்படி அனுப்பிய தொகை 35,012 கோடி ரூபாய் என்று நாடாளுமன்றத்தில் சொன்னார்கள். அத்தனையும் மறதியால் போனதல்ல. ஆனால் எங்கோ ஒரு பச்சை ஃபைல், எந்த பீரோ என்று தெரியாமல் கிடப்பதும் அதில் ஒரு பங்குதான். உரியவர் வங்கியில் கேட்டால் அந்தப் பணம் திரும்பக் கிடைக்கும். எந்த வங்கியில் இருக்கிறது என்று தேடிப் பார்க்க, ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் 'உத்கம்' என்ற இணையதளத்தையும் திறந்தது. 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை வாரிசுதாரராக நியமிக்கலாம். எங்கள் கணக்கு ஒன்றில் இன்னும் என் மாமியார் பெயர் இருந்தது. அவர் காலமாகி இருபது வருடம்.

மழை வடிந்த அடுத்த வாரம், காளிகாட்டில் கணக்கு நோட்டு விற்கும் கடையில் சிவப்புத் துணி அட்டை நோட்டு ஒன்று வாங்கினேன். "வைசாகம் வர இன்னும் ஆறு மாதம் இருக்கே" என்று கடைக்காரர் சிரித்தார். அதில் ரகசிய எண், கடவுச்சொல் எதுவும் எழுதவில்லை. எது எங்கே இருக்கிறது என்பது மட்டும். மெயின் சுவிட்ச் எங்கே, காஸ் புத்தகம் எங்கே, எந்த வங்கி, எந்தக் கிளை, டாக்டர் சீட்டு எங்கே, வெல்லம் எங்கே. இரண்டு பேர் கையெழுத்திலும் எழுத வேண்டும் என்று நிபந்தனை போட்டேன். அவர் பக்கங்களை அவர் எழுதினார். நாற்பது வருடத்தில் எனக்குத் தெரியாத ஒரு தபால் அலுவலகச் சேமிப்புக் கணக்கு அப்போதுதான் வெளிவந்தது. அது குறித்த பேச்சுவார்த்தை தனியாக நடந்தது. இந்தப் பத்தியில் அதற்கு இடமில்லை.

பிறகு மறுபடி பேத்தியைப் பார்க்கச் சென்னை போனேன். முதல் நாள் போன் வரவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. எனக்கே கொஞ்சம் என்னவோ போல் இருந்தது. மூன்றாம் நாள் வந்தது.

"என்ன, எது காணோம்?" என்றேன்.

"ஒண்ணும் காணாமப் போகலை. பெருங்காய டப்பாவை அடுப்புப் பக்கத்துத் தட்டுக்கு மாத்திட்டேன். நான் எப்பவும் அங்கேதான் தேடறேன். நோட்டுலயும் மாத்தி எழுதிட்டேன், வந்து குழம்பாதே" என்றார்.